ஒரே பற்றரி, மூன்று கணக்கு

பிளக் குத்திச் சார்ஜ் போடவும் பெற்றோலில் ஓட்டவும் கூடிய பிளக்-இன் காரான மிட்சுபிஷி அவுட்லாண்டர் பிஎச்இவி 2013இல் ஜப்பானில் வெளிவந்தபோது, முழுச் சார்ஜில் ஒரு துளி பெற்றோல் இல்லாமல் 60.2 கிலோமீற்றர் ஓடும் என்றார்கள். ஐரோப்பாவுக்குப் போனதும் அது 52 ஆனது. 2017 கடைசியில் அமெரிக்காவில் இறங்கியபோது 22 மைல், அதாவது 35 கிலோமீற்றர். மூன்று இடத்திலும் இருந்தது அதே 12 கிலோவாட் மணி பற்றரிதான். யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு முழம் வைத்து அளந்தார்கள்.

அன்றைய ஜப்பானியச் சோதனையின் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 24 கிலோமீற்றர். பழைய ஐரோப்பியச் சோதனை இருபது நிமிடத்தில் 11 கிலோமீற்றர் ஓடி முடிந்துவிட்டது. இரண்டிலும் ஏசி போடவில்லை. அமெரிக்கர்களோ சோதனைக்கூடத்தில் கிடைத்த தூரத்தில் ஏறத்தாழ முப்பது சதவீதத்தைக் கழித்துவிட்டுத்தான் விலைச்சீட்டில் எழுதுகிறார்கள்.

இலங்கைக்கு இந்தக் கார் ஜப்பானில் ஓடிய வாகனமாகவும் வந்ததால், விற்பவர் வாயில் வருவது அறுபதுதான். கொழும்பின் காலி வீதி நெரிசலில் ஏசியுடன் ஓட்டினால் முப்பதைத் தொடுவதே நல்ல நாள். ஏசி பொத்தானை அழுத்திய கையோடு திரையிலுள்ள தூரம் சில கிலோமீற்றர் இறங்கிவிடும். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. பற்றரி முழுவதையும் கார் செலவழிப்பதும் இல்லை. அடியில் கணிசமான பங்கை ஒதுக்கி வைத்துவிட்டே என்ஜினை எழுப்பும்.

ஓட்டுவதற்கு இனிமையான வண்டி. நெரிசலில் நின்று நின்று ஊர்ந்தாலும் சத்தமில்லை, அதிர்வில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னாலுள்ள துடுப்புகளால் மின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பழகிவிட்டால் பிரேக் மிதியைத் தேடும் வேலை பாதியாகும். கண்டிக்குப் போகும் வழியிலுள்ள கடுகண்ணாவை ஏற்றத்தில் மட்டும் குணம் மாறுகிறது. முன்னும் பின்னுமாக ஆளுக்கு 60 கிலோவாட் மோட்டர் இருந்தாலும், பற்றரி தனித்துக் கொடுக்கக்கூடியது அதில் ஏறத்தாழப் பாதிதான். அழுத்தி மிதித்தால், சார்ஜ் நிறைய இருந்தாலும் என்ஜின் விழித்துக்கொள்ளும்.

தூரத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது எரிபொருள் கணக்கு. ஐரோப்பாவில் இந்தக் கார் 100 கிலோமீற்றருக்கு 1.9 லீற்றர் போதும் என்று விளம்பரமானது. அது எங்கிருந்து வந்தது? பற்றரியில் 52 கிலோமீற்றர் ஓடுவீர்கள், தீர்ந்த பிறகு இன்னும் 25 கிலோமீற்றர் மட்டும் பெற்றோலில் ஓடிவிட்டு மறுபடி சார்ஜ் போடுவீர்கள் என்று ஐரோப்பியச் சோதனை விதி வைத்துக்கொண்டது. பற்றரி தீர்ந்த நிலையில் கார் குடிப்பது 5.8 லீற்றர். 77 கிலோமீற்றரில் 25க்கு மட்டும் அந்தக் கணக்கைப் போட்டால் 1.9 வந்துவிடும். உரிமையாளர் ஒழுங்காகச் சார்ஜ் போடுவார் என்ற நம்பிக்கையை லீற்றரில் எழுதியிருக்கிறார்கள்.

அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. ஜெர்மனியின் பிரவுன்ஹோபர் ஆய்வு நிறுவனமும் போக்குவரத்து ஆய்வு அமைப்பான ஐசிசிடியும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஐரோப்பாவில் தனியார் பிளக்-இன் கார்கள் ஓடிய தூரத்தில் 45 முதல் 49 சதவீதம்தான் மின்சாரத்தில். கம்பனிக் கார்களில் வெறும் 11 முதல் 15. பெற்றோலுக்குக் கம்பனி பணம் கட்டும்போது வீட்டு மின்கட்டணத்தை யார் ஏற்றிக்கொள்வார்? 2021இல் பதிவான கார்களின் உள்ளிருந்தே எடுத்த தரவுகளை வைத்து, பிளக்-இன் கார்கள் வெளியிடும் கரியமிலவாயு சோதனைக்கூட எண்ணைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு என்று ஐரோப்பிய ஆணையம் 2024இல் சொன்னது. கணக்கிடும் விதியை 2025 முதல் இறுக்கியிருக்கிறார்கள். கார் மாறாது, சீட்டிலுள்ள எண் ஏறும்.

இரவில் பிளக் குத்த வீட்டில் வாகனத் தரிப்பிடமும், நாளுக்கு முப்பது கிலோமீற்றருக்குள் அடங்கும் ஓட்டமும் இருந்தால் இது அருமையான கார். மாடிக் குடியிருப்பில் சார்ஜ் வசதி இல்லாதவருக்கு, கனமான பற்றரியைச் சுமந்து திரியும் பெற்றோல் வண்டி. பழைய கார் வாங்குகிறவர்கள் பேரம் தொடங்குமுன், காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகிப் பற்றரியின் கொள்ளளவைப் பாருங்கள். ஆரம்பகால மாடல்களில் புதிதாக இருந்தபோது அது 38 அம்பியர் மணி. எவ்வளவு குறைந்திருக்கிறதோ அதே விகிதத்தில், அறுபதில் அல்ல, முப்பத்தைந்தில் கழியுங்கள்.