கொடை மேளமும் டி.ஜே. செட்டும்: நெல்லை வட்டாரத்தில் கதி மாறிய விதம்

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில் சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன், பேச்சியம்மன் முதலிய தெய்வங்களுக்கு ஆண்டுதோறும் எடுக்கப்படும் விழா கொடை எனப்படுகிறது. இவ்விழாக்களில் நையாண்டி மேளம், வில்லுப்பாட்டு, கணியான் கூத்து ஆகியவற்றின் இடத்தில் பெரிய ஒலிபெட்டிகளுடன் கூடிய டி.ஜே. செட்டுகள் இன்று பரவலாக வந்துள்ளன. இம்மாற்றத்தை ‘இசை வேகமாகிவிட்டது’ என்ற ஒரே குறையாகச் சுருக்குவதே வழக்கம். அந்தக் குறை எந்த அளவுக்குச் சரி என்பதையும், வேகத்தைத் தவிர வேறு எவை மாறியுள்ளன என்பதையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

களம்

திருநெல்வேலி மாநகராட்சியின் நான்கு மண்டலங்களில் ஒன்று தச்சநல்லூர். திருநெல்வேலிச் சந்திப்புக்கு வடக்கே, மதுரை செல்லும் சாலையில் அமைந்துள்ளது. வயலும் தெருவும் கலந்த பழைய ஊர் ஒன்று நகரத்துக்குள் சேர்ந்துவிட்ட பகுதி இது. சென்னையின் நட்சத்திர விடுதிகளுக்குள் இயங்கும் நடன அரங்குகளைப் போன்றவை இத்தகைய ஊர்களில் இல்லை. மின்னணு நடன இசையை இங்குள்ள இளைஞர் கூட்டமாக நின்று கேட்பதும் ஆடுவதும் கொடையிலும் கல்யாண ஊர்வலத்திலும் குலசேகரன்பட்டினம் தசராவுக்குச் செல்லும் வேடக் குழுக்களிலும்தான். ஆகவே தாமிரபரணிக் கரையில் நடன இசையின் சுவை மாறியதைப் பற்றிப் பேச வேண்டுமானால் கொடையிலிருந்தே தொடங்க வேண்டும்.

கொடை இரவின் கதி

கொடை பெரும்பாலும் செவ்வாய் அல்லது வெள்ளியை மையமாகக் கொண்டு நடக்கிறது. முதல் நாள் குடியழைப்பு, மறுநாள் உச்சிக்கொடை, அன்றிரவு சாமக்கொடை என்பது பரவலான முறை. ஊருக்கு ஊர் இதில் வேறுபாடு உண்டு. செலவுக்குத் தலைக்கட்டு வரி பிரிக்கப்படுகிறது.

இந்த நேர ஒழுங்குக்கு ஏற்ப இசையும் ஒழுங்கு பெற்றிருந்தது. வில்லுப்பாட்டில் காப்புப் பாடலும் வருபொருளும் நிதானமாக நடக்கும். கதை வளர வளர உடுக்கும் குடமும் நெருங்கும். கணியான் கூத்தில் அண்ணாவி பாட, இரண்டு மகுடங்களும் தாழ்ந்த குரலிலும் உயர்ந்த குரலிலும் ஒன்றுக்கொன்று விடை சொல்லிக்கொண்டு போகும். சாமம் நெருங்கும்போதுதான் கோமரத்தாடிகளுக்குச் சாமி வரும். அந்தக் கட்டத்தில் மேளக்காரர் தாளத்தைப் பார்த்து அடிப்பதில்லை. கோமரத்தாடியின் தோளையும் காலையும் பார்த்து அடிக்கிறார். ஆட்டம் இறுகினால் அடி இறுகும். சாமி தளர்ந்து நின்றால் மேளமும் விட்டுப் பிடிக்கும்.

வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-இல் வெளியிட்ட நூலில், தெய்வமாகிவிட்டவரின் சாவு பாடப்படும் கட்டமும் சாமியாட்டமும் ஒன்றையொன்று சார்ந்திருப்பதை விரிவாகக் காட்டினார். இசைக்கும் ஆவேசத்துக்கும் உள்ள தொடர்பைப் பல நாட்டுச் சான்றுகளுடன் ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் கில்பர்ட் ரூஜே 1980-இல் ஒரு முக்கியமான முடிவைச் சொன்னார். எந்த ஒரு தாளமோ வேகமோ தன்னளவில் மனிதரை ஆவேசத்துக்கு ஆளாக்குவதில்லை. அந்தச் சமூகம் அந்த இசைக்குக் கொடுத்துள்ள பொருளே அதைச் செய்கிறது என்பது அவர் வாதம். வேகத்தை மட்டும் கூட்டினால் சாமி வந்துவிடாது என்பது இதன் பொருள். வேகம் கூடியதால் மட்டுமே கொடை கெட்டுவிட்டது என்று சொல்வதும் அதே காரணத்தால் பொருந்தாது.

வேகமும் நடையும்

மின்னணு இசையில் வேகம் நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று அளக்கப்படுகிறது. இதையே பி.பி.எம். என்பர். டிஸ்கோவும் ஹவுஸும் பெரும்பாலும் 120-ஐ ஒட்டியவை. டிரம் அண்ட் பேஸ் 170-ஐ ஒட்டியது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நையாண்டி மேளத்தின் உச்சக் கட்டம் டி.ஜே. செட்டைவிட மெதுவானது அல்ல. பழைய மேளம் மெதுவானது, புதிய இசை வேகமானது என்ற எதிர்நிலை முதலிலேயே தளர்ந்துவிடுகிறது.

மாறியது பெரும்பாலும் நடை. நெல்லை மேளத்திலும் பறையிலும் குத்துப்பாட்டிலும் மேலோங்கி நிற்பது திச்ர நடை. ஒவ்வொரு தட்டும் மூன்றாகப் பிரியும். மின்னணு நடன இசையின் அடிப்படை சதுச்ரம். ஒவ்வொரு தட்டிலும் ஒரு கனத்த அடி விழும். இடைவெளி இரண்டாகவும் நான்காகவும் பிரியும். நிமிடத்துக்கு 120 தட்டு என்று வைத்துக்கொண்டால் திச்ரத்தில் 360 உள்ளடிகள் வரும். சதுச்ரத்தில் 480 வரும். அளவுகோலில் எண் ஒன்றே. உடம்புக்கு இரண்டும் வேறு. திச்ரத்தில் இடுப்பும் தோளும் ஊஞ்சல் போலச் சாய்ந்து திரும்புகின்றன. சதுச்ரத்தில் உடல் மேலும் கீழுமாகக் குதிக்கிறது. குத்துப்பாட்டை ரீமிக்ஸ் செய்யும்போது அதன் மேல் நான்கடிக் கனத்தட்டைப் பதித்தால் மூன்றின் சாய்வு மறைந்து குதிப்பு மட்டும் எஞ்சுகிறது. கொடையில் ஆடும் இளைஞரின் ஆட்டம் ஒரே மாதிரியாகிவிட்டது என்று பெரியவர்கள் சொல்வதற்கு இதுவே காரணம். அவர்கள் அதை வேகம் என்ற சொல்லால் குறிக்கிறார்கள்.

திரைப்படம் இதற்கு இடைப்பாலமாக இருந்தது. ‘கரகாட்டக்காரன்’ (1989) மேளத்தைத் திரைக்குக் கொண்டுபோனது. ‘மன்மத ராசா’ (2003), ‘நாக்கு முக்க’ (2008) போன்ற பாடல்கள் வேகத்தையே கவர்ச்சியாக்கின. பின்னர் அதே பாடல்கள் கொடைக்குத் திரும்பி வந்தபோது மேளக்காரர்களும் அவற்றை வாசிக்க வேண்டியதாயிற்று. நாகசுரத்தில் திரைப்பாடல் கேட்பது டி.ஜே. வருவதற்கு முன்பே ஊர் பழகிக்கொண்ட ஒன்று.

கூம்பிலிருந்து பேஸ் பெட்டிக்கு

சுவை மாற்றத்தில் கருவியின் பங்கு பெரிது. கொடை என்றாலே வேப்பமரத்திலும் பனையிலும் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி என்றிருந்த காலம் நீண்டது. கூம்பு சில நூறு ஹெர்ட்சுக்குக் கீழுள்ள ஒலியைச் சரியாகத் தராது. நாகசுரமும் மனிதக் குரலும் அதில் ஓங்கிக் கேட்கும். தாழ்ந்த முழக்கம் காணாமல் போகும். ஆகவே கூம்பின் காலத்தில் தூரத்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தது பாட்டும் கதையும்தான். தவிலின் தொப்பியும் பம்பையின் அடியும் கோயில் முற்றத்தோடு நின்றன.

இன்றைய பேஸ் பெட்டிகள் 50, 60 ஹெர்ட்ஸ் ஒலியை நெஞ்சில் மோதும்படி தருகின்றன. இந்தப் பெட்டிகளில் எடுபடுவது தாழ்ந்த கனத்தட்டே. சொல் அமுங்கிவிடுகிறது. கதையைக் கேட்பதற்காக இருந்த ஏற்பாடு, அதிர்வை உணர்வதற்கான ஏற்பாடாக மாறியுள்ளது. வில்லுப்பாட்டு பின்னுக்குத் தள்ளப்பட்டதற்கு இளைஞரின் பொறுமையின்மையை மட்டும் காரணம் காட்டுவது நியாயமல்ல. சொல்லைக் கேட்க முடியாத ஒலியமைப்பில் சொற்கலை நிற்க இடமில்லை.

உலக அரங்குகளில் கதி

மின்னணு இசை ஒரே திசையில் வேகமாகிக்கொண்டே போகிறது என்ற எண்ணமும் சரியல்ல. 1980-களின் பிற்பகுதியில் பெல்ஜியத்தில் 45 சுற்றில் ஓட வேண்டிய இசைத்தட்டை 33 சுற்றில் ஓட்டியதிலிருந்து நியூ பீட் என்ற மெதுவான பாணி பிறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நெதர்லாந்தில் காபர் 160-ஐத் தாண்டி ஓடியது. 2009-இல் வாசிங்டனில் டி.ஜே. டேவ் நாடா, லத்தீன் இசைக்குப் பழகிய இளைஞர் விருந்தில் டச்சு ஹவுஸ் பாடலை 108 தட்டுக்குக் குறைத்து ஓட்டினார், மூம்பாட்டன் உருவாயிற்று. அங்கே கதி மாறியது கூட்டத்தின் உடம்பைப் பார்த்து. அந்த வகையில் அவர் செய்தது கொடை மேளக்காரர் செய்யும் வேலையே.

ஈழத் தமிழ் வம்சாவளியினரான பாடகர் எம்.ஐ.ஏ. 2007-இல் வெளியிட்ட ‘கலா’ தொகுப்புக்காகத் தமிழ்நாட்டு உறுமிக் கலைஞர்களின் வாசிப்பைப் பதிவு செய்து பயன்படுத்தினார். அதில் உறுமியின் இழுப்பும் முரட்டு ஓசையும் சீராக்கப்படாமல் முன்னே நிற்கின்றன. மின்னணு இசைக்குள் நம் தாளத்தைக் கரைக்காமலே சேர்க்க முடியும் என்பதற்கு அத்தொகுப்பு சான்று. உள்ளூர் செட்டுகள் இவ்வழியைப் பெரும்பாலும் எடுக்கவில்லை.

அண்டை மாநிலச் சான்று ஒன்றும் உண்டு. கேரளத்தின் பஞ்சாரி மேளம் 96 அட்சரச் சுற்றில் தொடங்கி 48, 24, 12, 6 என்று பாதி பாதியாகக் குறுகி உச்சத்தை எட்டுகிறது. கேட்போர் அந்த ஏற்றத்தை மணிக்கணக்கில் நின்று அனுபவிக்கின்றனர். நெல்லைக் கொடைகளுக்கு வாடகைக்கு வரும் செண்டைக் குழுக்கள் வாசிப்பது பஞ்சாரி அல்ல. தொடக்கத்திலிருந்தே துள்ளும் சிங்காரி மேளம். மின்சாரம் இல்லாத தோல்கருவியிலும் ஊர் கேட்டு வாங்குவது உச்சத்தை மட்டுமே. ஆகவே குற்றத்தை இயந்திரத்தின் மேல் முழுவதுமாகச் சுமத்த முடியாது.

நேரக் கட்டுப்பாடு

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம். 2010-இல் செய்யப்பட்ட திருத்தம் இசைக்கருவிகளையும் இரவுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. கைக்குழந்தையும் நோயாளியும் தேர்வுக்குப் படிக்கும் மாணவரும் உள்ள நெருக்கமான தெருக்களில் இவ்விதியின் தேவையை மறுக்க முடியாது.

ஆயினும் சாமக்கொடை என்ற பெயரிலேயே அதன் நேரம் இருக்கிறது. முன்னிரவில் தொடங்கி விடியும் வரை பரவியிருந்த இசையை மூன்று நான்கு மணி நேரத்துக்குள் அடக்கும்போது முதலில் வெட்டுப்படுவது மெதுவான பகுதி. உச்சம் மட்டும் தப்பிக்கிறது. டி.ஜே. செட்டு இந்தக் குறுகிய நேரத்துக்கு இயல்பாகவே பொருந்தியது. அதற்குக் காப்பும் வேண்டாம், வருபொருளும் வேண்டாம்.

மேளத்தின் பக்கம் சொல்லப்படாதவை

மேளத்தை ஆதரித்து எழுதுவோர் பெரும்பாலும் ஒன்றைத் தவிர்த்துவிடுகின்றனர். அடிப்பவர் யார், ஆடுபவர் யார் என்பதைச் சாதி தீர்மானித்த அமைப்பு அது. பல ஊர்களில் தோல்கருவி வாசிப்பு விரும்பி ஏற்ற கலையாக இல்லாமல், தலைமுறையாகச் சுமத்தப்பட்ட கடமையாக இருந்தது. அக்கடமையை மறுத்ததைத் தங்கள் விடுதலையின் பகுதியாகக் கருதும் குடும்பங்கள் உண்டு. வாடகைக்கு எடுத்த பெட்டிக்குச் சாதிக் கடமை இல்லை. தங்கள் தெருவில், தங்கள் பணத்தில், தங்களுக்குப் பிடித்த பாட்டுக்கு ஆடுவது சில இளைஞருக்கு வெறும் கேளிக்கையைவிடப் பெரியது.

கலைஞரின் நிலையும் இதில் சேரும். கரகாட்டக் குழுக்களில் பெண் வேடமிட்டு ஆடிய நெல்லை தங்கராஜ் ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தில் நாயகனின் தந்தையாக நடித்தார். வேடமிட்டு ஆடும் ஒருவருக்கு ஊர் தரும் கைதட்டலும் அவமதிப்பும் ஒரே உடம்பில் விழுவதை அப்படம் காட்டியது. மேளம் வேண்டும், மேளக்காரருக்கு மதிப்பு வேண்டாம் என்ற நிலை நீடித்தால் அவர் மகன் அதே தொழிலுக்கு வர வேண்டும் என்று எதிர்பார்க்க எவருக்கும் உரிமையில்லை.

மதிப்பீடு

டி.ஜே. செட்டின் மீது வைக்கத்தக்க சரியான குறை, அது வேகமானது என்பதோ அயலானது என்பதோ அல்ல. கொடையில் அது கூட்டத்தைப் பார்ப்பதில்லை என்பதே. பென் டிரைவில் முன்கூட்டியே கோத்த பாடல் வரிசை, கோமரத்தாடி தளர்ந்தாலும் சிறுவர் களைத்தாலும் அதே கதியில் ஓடுகிறது. நல்ல நடன அரங்கில் இரவு முழுவதும் ஏற்றி இறக்கிக் கூட்டத்தை வழிநடத்துவதே டி.ஜே.யின் திறமை. அந்தத் திறமைக்கு உள்ளூர் வாடகைச் செட்டில் இடமும் இல்லை, கூலியும் இல்லை. இவ்வாறு பார்த்தால் உலக நடன அரங்கின் நெருங்கிய உறவு இந்தச் செட்டு அல்ல, பழைய சாமக்கொடையே.

விழாக் குழுக்களுக்கு நடைமுறையில் வழியுண்டு. மாலையில் இளைஞரின் ஆட்டத்துக்குச் செட்டும், சாமி வரும் நேரத்துக்கு மேளமும் என்று பிரித்துக்கொள்ளலாம். நேரம் குறைவாக இருந்தாலும் முதல் அரை மணியை நிதானக் கதிக்கு ஒதுக்கலாம். பெட்டிக்குத் தரும் முன்பணத்தை மேளக்காரருக்கும் தரலாம். விருப்பத்தோடு வரும் எவரும் எந்தத் தெருவினராயினும் மேளம் பழக வாய்ப்பு அளிக்கலாம். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை போன்ற அமைப்புகள் அருகிலேயே இருக்கும்போது, இன்றும் வாசிக்கப்படும் நடைகளை அவற்றின் முழு நீளத்தில் பதிவு செய்வதும் எட்டாத வேலையல்ல. அப்பதிவுகள் இருந்தால் நாளைய நெல்லை டி.ஜே. ஒருவர் நான்கடித் தட்டை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.