லா ஸ்காலாவின் கதவும் கிளவுடியோ அபாடோவும்

1968ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆந் திகதி மாலை, இத்தாலியின் மிலான் நகரிலுள்ள லா ஸ்காலா இசைநாடக அரங்கின் வாயிலிலே, விலையுயர்ந்த மென்மயிர் அங்கிகளுடன் வந்திறங்கிய சீமாட்டிகள்மீது மாணவர்கள் முட்டைகளை வீசினர். அதற்கு ஐந்து நாட்களுக்கு முன்னர்தான் சிசிலித் தீவின் ஆவோலாவிலே, கூலியுயர்வு கோரி மறியல் செய்த விவசாயத் தொழிலாளர் இருவர் பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியாகியிருந்தனர். அன்றிரவு உள்ளே வேர்டியின் 'டொன் கார்லோ' நிகழ்ந்தது. வாத்தியக் குழுவை நெறிப்படுத்தியவர் முப்பத்தைந்து வயதினரான கிளவுடியோ அபாடோ.

முட்டை வீசிய மாணவரின் பக்கத்திலே நியாயம் இருந்தது. ஆயின் உள்ளே நின்றவரை முதலாளி வர்க்கத்தின் சேவகர் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட முடியுமா? அடுத்த பதினெட்டு ஆண்டுகளை அவர் அந்த அரங்கிலேயே கழித்தார் என்பதையும், அங்கே என்ன செய்தார் என்பதையும் ஆராயாமல் இதற்கு விடை கூறுதல் இயலாது.

அபாடோ 1933இல் மிலானிலே பிறந்தவர். தந்தை வயலின் ஆசிரியர். தாயார் பியானோ பயின்றவர். பாசிச ஆட்சியின் இறுதிக் காலத்தில், யூதக் குழந்தையொன்றுக்கு அடைக்கலம் அளித்தமைக்காக அத்தாயார் சிறைவைக்கப்பட்டார். சிறுவன் அபாடோ ஒரு சுவரிலே 'பார்ட்டோக் வாழ்க' என்று எழுதினானாம். ஹங்கேரிய இசையாசிரியரின் பெயரை அறியாத நாஸிப் பொலிசார், பார்ட்டோக் என்னும் எதிர்ப்புப் போராளி யார் என்று விசாரித்து வந்தனராம். வேடிக்கையான கதைதான். எனினும் அக்காலத்து மிலானில் இசையும் அரசியலும் எத்துணை அருகருகே வாழ்ந்தன என்பதை இது காட்டுகிறது.

மேலைத்தேய வாத்தியக் குழுவின் நெறியாளர் எந்த வாத்தியத்தையும் வாசிப்பதில்லை. கையில் ஒரு சிறு கோல். எதிரே நூறு பேர். நூறு பேரின் உழைப்பில் விளையும் நாதத்துக்கு ஒருவரின் பெயர் சூட்டப்படுகிறது. இந்த அமைப்பிலே சர்வாதிகாரத்துக்கான விதை இயல்பாகவே கிடக்கிறது. டொஸ்கனினி பாசிசத்தை நெஞ்சுறுதியோடு எதிர்த்த மாமனிதர். ஆனால் ஒத்திகையிலே வாத்தியக்காரரைத் திட்டித் தீர்ப்பதிலும் பேர்பெற்றவர். சிறுவயதில் அவ்வொத்திகைகளைக் கண்ட அபாடோவுக்கு அந்த முறை உவப்பாகவில்லை. அவர் அதிகம் பேசமாட்டார், அதட்டமாட்டார். ஒருவர் வாசிப்பதை மற்றவர் செவிமடுக்க வேண்டும் என்பதே அவர் திரும்பத் திரும்ப வேண்டிக்கொண்டது. நாலு பேர் இருந்து வாசிக்கும் சிற்றவைச் சங்கீதத்தின் பழக்கத்தை நூறு பேருக்கு விரித்தார் எனலாம்.

1972இல் பாவ்லோ கிராஸி லா ஸ்காலாவின் தலைமை நிர்வாகியாக வந்தபோது, அபாடோவின் எண்ணங்களுக்குத் துணை கிடைத்தது. தொழிலாளருக்கும் மாணவருக்குமெனக் குறைந்த கட்டணத்திலே நிகழ்ச்சிகள் ஏற்பாடாயின. பியானோ மேதை பொல்லினி, கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த இசையாசிரியர் லூயிஜி நோனோ ஆகியோருடன் அபாடோ தொழிற்சாலைகளுக்கும் சென்றார். 1975இல் நோனோவின் புதிய இசைநாடகமொன்றை மிலானின் லிரிக்கோ அரங்கிலே முதன்முதலாக நெறிப்படுத்தினார். 1871ஆம் ஆண்டின் பாரிஸ் கம்யூனையும் 1905ஆம் ஆண்டின் ருஷ்யப் புரட்சியையும் பொருளாகக் கொண்ட நாடகம் அது. அதனை மேடையில் அமைக்க மொஸ்கோவிலிருந்து யூரி லியுபிமோவ் வந்தார்.

இங்கேதான் விமர்சகர் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நோனோவின் இசை எளிய மெட்டுகளால் ஆனதன்று. பயிற்சி பெற்ற செவிக்கே அது கரடுமுரடானது. பகலெல்லாம் உலைக்களத்தில் நின்ற ஒருவனை அழைத்து வந்து இதைக் கேட்பிப்பது நியாயமா என்று அன்றே வினவியோர் உளர். மக்களுக்கென்றால் மலினமானதே போதும் என்னும் கருத்து இவ்வினாவுக்குள் ஒளிந்திருக்கிறது. அதை அபாடோ ஏற்கவில்லை. செல்வந்தருக்கு வாசித்த மாஹ்லரையும் பேர்க்கையும் அதே கவனத்துடன் தொழிலாளருக்கும் வாசித்தார். இந்த மரியாதையை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் கட்டணத்தைக் குறைப்பதால் மாத்திரம் கலை பொதுச்சொத்தாகிவிடாது. செவியைப் பயிற்றும் கல்வி யாருடைய கையில் இருக்கிறது? லா ஸ்காலாவின் டிசம்பர் 7ஆந் திகதி விழா, அபாடோ அங்கிருந்த காலம் முழுவதும் சீமான்களின் விழாவாகவே தொடர்ந்தது. 1986இல் அவர் விலகிய பின்னரும் அப்படியே தொடர்கிறது. கூடத்துக்குள் புதியவர் வந்தனர்; கூடத்தின் உடைமை உறவுகள் அசையவில்லை.

இதனை அவரும் உணர்ந்திருக்க வேண்டும். பின்னாட்களிலே பழைய நிறுவனங்களைத் திருத்துவதிலும் பார்க்க, இளைஞரைச் சேர்த்துப் புதிய குழுக்களை அமைப்பதிலேயே அவர் நாட்டம் மிகுந்தது. 1978இல் ஐரோப்பியச் சமூக நாடுகளின் இளைஞர் வாத்தியக் குழு தொடங்கியபோது அதன் முதல் இசைத் தலைவரானார். அக்குழுவிலே ஹங்கேரிய, செக்கோஸ்லவாக்கிய இளைஞருக்கு இடமில்லை. ஆகவே 1986இல் வியன்னாவிலே மாஹ்லரின் பெயரால் வேறொரு குழுவை நிறுவி, எல்லைக்கு இருபுறத்து இளைஞரையும் ஒரே வரிசையில் அமர்த்தினார். பேர்லின் மதில் வீழ மேலும் மூன்று ஆண்டுகள் இருந்தன.

பேர்லின் பில்ஹார்மோனிக் குழு தன் தலைவரைத் தானே வாக்களித்துத் தெரிவது. கரயானின் நீண்ட ஆட்சிக்குப் பின், 1989 ஒக்டோபரில் அவர்கள் அபாடோவைத் தெரிந்தனர். தன்னைப் பெயர் சொல்லி அழைக்குமாறு அவர் கேட்டாராம். கட்டளைக்குப் பழகியவருக்குச் சுதந்திரமும் சுமையாகும் போலும்: ஒத்திகை தெளிவில்லாதது, நெறியாளர் போதிய விளக்கம் தருவதில்லை என்று சிலர் முணுமுணுத்தனர். அம்முணுமுணுப்பில் உண்மையே இல்லை என்று நான் கூறமாட்டேன். 1998இலேயே தம் ஒப்பந்தத்தை நீடிக்கப் போவதில்லை என அறிவித்து, புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் உட்பட்டு, 2002இல் அவர் அப்பதவியை விட்டகன்றார்.

2003இல் லூசேர்ன் விழாவுக்கென அவர் திரட்டிய குழு, விரும்பி வந்த நண்பர்களின் கூட்டம். அங்கே அவர் நிகழ்த்திய மாஹ்லர் சிம்பொனிகள் அவருடைய கலையின் சிகரம் என்பதில் எனக்கு ஐயமில்லை. மனிதர் ஒருவரையொருவர் அடக்காமல் சேர்ந்து உழைத்தால் என்ன நாதம் பிறக்கும் என்பதற்கு அவையே சான்று. ஆனால் அந்தச் சான்று சுவிற்சர்லாந்தின் செல்வச் செழிப்பான நகரொன்றிலே, சாதாரண சம்பளக்காரன் எட்டிப் பார்க்க முடியாத கட்டணத்துக்கு நிகழ்ந்தது. மறுபுறம், அதே மனிதர் வெனிசுவேலாவின் ஏழைப் பிள்ளைகளும் இடம்பெற்ற இளைஞர் வாத்தியக் குழுவுடன் உழைத்தார். மிலானில் மீண்டும் நெறிப்படுத்தச் சம்பளமாக நகரில் 90,000 மரங்களை நடும்படி கேட்டார். இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்காமல் அவரைத் துதிப்பதும் தூற்றுவதும் வீண்.

அபாடோ 2014 ஜனவரி 20இல் பொலோஞ்ஞாவிலே காலமானார். ஒரு வாரத்தின் பின் லா ஸ்காலாவிலே பீத்தோவனின் மூன்றாம் சிம்பொனியிலுள்ள சரம அணிவகுப்பைப் பாரன்போயிம் நெறிப்படுத்தினார். கதவுகள் அகலத் திறந்திருக்க, வெளிச் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் நின்று கேட்டனர். உள்ளே ஆசனங்கள் யாவும் வெறுமையாக இருந்தன.

2013இல் ஆயுட்கால செனட்டராக நியமிக்கப்பட்டதும், அச்சம்பளத்தை அவர் பியசோலே இசைப் பள்ளி மாணவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் 2004இல் பொலோஞ்ஞாவிலே அவர் தொடக்கிய மோட்சார்ட் வாத்தியக் குழு, அவருடைய மரணத்துக்குச் சில நாட்களுக்கு முன்னர், பணமில்லையென்று தன் பணிகளை நிறுத்திக்கொண்டது. அது மீண்டும் மேடையேற 2017 வரை காத்திருக்க நேர்ந்தது.