எலும்புக்குப் பெயர் தருவது யார்?

எங்கள் ஏரியின் தென்கோடியில், பழவேற்காட்டு டச்சுக் கல்லறை வாயிலில், கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டு நிற்கின்றன. அவை ஆணா பெண்ணா, என்ன வயது என்று யாரும் கேட்பதில்லை. மரணத்தை நினைவூட்டுவதோடு அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. நம் மர்மக்கதைகளில் வரும் எலும்புக்கூடுகளும் இந்த ஜாதிதான். வித்தியாசம், பக்கத்தில் ஒரு நிபுணர் நிறுத்தப்படுகிறார். மண்டையோட்டைக் கையில் எடுத்ததுமே, "பெண், வயது 27, உயரம் ஐந்தடி மூன்றங்குலம்" என்கிறார். அடுத்த அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் பெயரோடு வந்துவிடுகிறார்.

விஷயம் தெரிந்தவர்கள் இப்படிப் பேசுவதில்லை. ஆண், பெண் என்று பிரிக்க மண்டையோட்டைவிட இடுப்பெலும்பு நம்பகமானது. பருவமடையாத பிள்ளை என்றால் அதுவும் கைவிட்டுவிடும். எலும்பு முனைகள் ஒட்டியிருப்பதை வைத்து இளவயதுக்காரர்களின் வயதை ஓரளவு நெருங்கிச் சொல்லலாம். 40ஐத் தாண்டியவருக்கு 10, 15 வருஷம் முன்பின்னாகத்தான் சொல்ல முடியும். தொடையெலும்பிலிருந்து உயரத்தைக் கணிக்கப் பரவலாகப் பயன்பட்ட டிராட்டர்-கிளெசர் சூத்திரம் (1952), பெருமளவு போரில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்களை அளந்து பெறப்பட்டது. ஆரம்பாக்கத்து மீனவரின் எலும்புக்கு அதை அப்படியே போட்டால் பிழை கூடும். மண்டையோட்டின் மேல் புகைப்படத்தைப் பொருத்திப் பார்க்கும் முறையோ, "இவர் இல்லை" என்று விலக்க உதவுகிற அளவுக்கு "இவர்தான்" என்று ஸ்தாபிக்க உதவாது.

ஆனால் தகவல் பிழைகளை எண்ணிக்கொண்டிருப்பது விமர்சனம் ஆகாது. கேத்தி ரைக்ஸ் தாமே எலும்பியல் நிபுணர். 1997இல் நாவல் எழுத வந்தவர். அவரது பாத்திரத்தை வைத்து எடுத்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிலும் (2005-2017) மண்டையோடு ஒளிப்பிம்பமாக முகம் பெற்று எழுகிறது. ஆகவே கோளாறு அறியாமையில் இல்லை. வாசகனுக்கு நிச்சயம் வேண்டும். அது விஞ்ஞானத்தின் பெயரில் விற்கப்படுகிறது. சுஜாதா விஞ்ஞானத்தைக் கதைக்குள் கொண்டுவந்தது லாபம்தான். பின்னால் வந்தவர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவை கலைச்சொற்கள் மட்டுமே, சந்தேகத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த நிச்சயத்தில் காணாமல் போவது யார்? அதே 1952இல் சென்னையில் நடந்த ஆளவந்தார் கொலையைப் பாருங்கள். தலையில்லாத உடல் மானாமதுரையில், ரயிலில் வந்த டிரங்குப் பெட்டிக்குள் கிடைத்தது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. வெறும் எலும்பல்ல, சதையோடு கூடிய உடல். இரண்டும் ஒருவருடையவை என்று சொல்ல மருத்துவக் கல்லூரி இருந்தது. தலை இன்னாருடையது என்று சொல்ல, கணவரைக் காணாமல் தேடிய மனைவி வேண்டியிருந்தது.

2018இல் மன்னார் சதொச மனையில் தோண்டத் தோண்ட முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் அந்தக் குழியைப் பார்த்துக் காத்திருந்தன. 2019 மார்ச்சில் புளோரிடா ஆய்வுக்கூடத்தின் கார்பன் முடிவு வந்தது: 15ஆம் நூற்றாண்டிலிருந்து 17ஆம் நூற்றாண்டு வரை. இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஓர் இடைவெளி. அதில் ஒரு பெயர்கூட இல்லை. முடிவை ஏற்பதா என்ற வாதம் எழுந்தது. காத்திருப்பு தீரவில்லை.

நம் மர்மக்கதையின் தோல்வி இங்கேதான். எலும்பு ஒரு எல்லையைத்தான் குறுக்கித் தருகிறது. அந்த எல்லைக்குள் பெயரை வைப்பவர் தேடுகிறவர். கதை அவரை முதல் அத்தியாயத்தில் அழவிட்டு அனுப்பிவிட்டு, நிபுணரை மட்டும் கடைசிவரை வைத்துக்கொள்கிறது. நிபுணர் "தெரியவில்லை" என்று சொல்லிவிட்டுப் போன பிறகு அந்தத் தாய் என்ன செய்கிறாள் என்பதிலிருந்து தொடங்கும் ஒரு துப்பறியும் நாவலைத் தமிழில் யாராவது எழுதட்டும். அதில் இடுப்பெலும்பு பற்றி ஒரு தகவல் தப்பாக இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.