புறப்பாடல்களில் போர்ப்புண்ணும் உறுப்பிழப்பும்

சங்ககாலப் போர்மருத்துவம் பற்றி எழுதுவோர் பலரும் அரிசில்கிழாரின் பாடலையே (புறம். 281) முதற்சான்றாகக் காட்டுவர். மனையில் இரவமும் வேம்பும் செருகுதல், ஐயவி சிதறுதல், ஆம்பல் ஊதுதல், மணி இசைத்தல், காஞ்சி பாடுதல், நறும்புகை எழுப்புதல் எனப் புண்பட்டோனைக் காக்கும் செயல்கள் அதில் தொடர்ந்து வருகின்றன. இவற்றுள் வேம்பையும் ஐயவியையும் மட்டும் பிரித்தெடுத்துக் கிருமிநாசினிகள் என விளக்குவது வழக்கமாகிவிட்டது. பாடல் அதற்கு இடந்தரவில்லை. வேம்பு புண்ணில் வைத்துக் கட்டப்படவில்லை, வீட்டில் செருகப்படுகிறது. ஐயவி அரைத்துப் பூசப்படவில்லை; தூவப்படுகிறது. மையிழுது இழுகுதல் ஒன்றை வேண்டுமானால் மருந்தெனக் கொள்ளலாம். புண்பட்ட கணவனைப் பேய் தீண்டாமல் மனைவி காக்கும் தொடாக்காஞ்சியைத் தொல்காப்பியம் தனித்துறையாக வகுத்திருப்பதோடு சேர்த்து நோக்கின், இது காவற்சடங்கு என்பது விளங்கும். மருத்துவர் எவரும் இங்கு இல்லை. புண்ணைக் காக்கும் பொறுப்பு மனையில் உள்ள பெண்களுடையது.

அறுவை மருத்துவத்திற்கான தெளிந்த சான்று பதிற்றுப்பத்தில்தான் (42) கிடைக்கிறது. மீனுக்காகக் குளத்தில் மூழ்கி எழும் சிரல் பறவையைப் புண்ணைத் தைக்கும் நெடிய வெள்ளூசிக்குப் பரணர் உவமையாக்குகிறார். தையலை அருகிருந்து கண்டவர்க்கே தோன்றக்கூடிய உவமை.

தைத்த பின் அவ்வீரன் என்ன ஆனான் என்பதே ஆய்வுகள் எழுப்பாத வினா. புறமரபு தரும் விடைகள் மிகச் சில. ஈர்ந்தூர் கிழான் தோயன்மாறனின் உடல், மருந்துக்காக வெட்டுண்ட மரம்போல் வடுப்பட்டது (புறம். 180), எனினும் புண் ஆறிய அவன், இரவலர் வறுமை தீர்க்கப் புதுவேல் வடித்துத் தருமாறு கொல்லனை வேண்டுகிறான். ஆறிய உடல் மீண்டும் போருக்கே உரியது. வெண்ணிப் போரில் புறப்புண்பட்ட சேரமான் வடக்கிருக்கிறான். களத்தில் வீழ்ந்தவனுக்கு நடுகல் உண்டு. கையோ காலோ இழந்து ஊரில் எஞ்சி வாழ்பவனுக்குத் துறை எதுவும் வகுக்கப்படவில்லை.

உடற்குறையைப் புறநானூறு அறியாததன்று. குருடு, கூன், குறள், ஊமை, செவிடு முதலான எட்டு எச்சங்களை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் நலங்கிள்ளிக்கு எடுத்துரைக்கிறார் (புறம். 28). அவை பிறவிக்குறைகள், மக்கட்பிறப்பில் பயனற்றவையாகவே அங்கு எண்ணப்படுகின்றன. மன்னனின் போரில் கண்ணிழந்தவனை இவ்வரிசையில் சேர்த்தால் அவனது மறம் இழிவுபடும். சேர்க்காவிடில் அவனைச் சுட்டச் சொல்லே இல்லை. அவனைப் பாடாமல் விட்டதற்கு இம்முரண் காரணமாகலாம்.

நெடுநல்வாடையின் வேந்தன் நள்ளிரவு வாடையில் பாசறையைச் சுற்றி வருகிறான்; புண்பட்டோரை ஒரு மூத்த வீரன் முறையே காட்டுகிறான். பாட்டு பாசறையிலேயே முடிந்துவிடுகிறது.