மூச்சின் விலை முப்பது பிராங்க்!

நோய்க்கும் பொட்டிட்டுப் பூமுடித்து அழகு பார்த்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியக் கலையுலகம். அதிலும் நுரையீரல் நோய் என்றால் அதற்குத் தனி மோகம்! பாரிஸ் நகரத்துக் கணிகை ஒருத்தி. காசம் அவள் நெஞ்சை அரிக்கிறது. கன்னம் வெளுக்க வெளுக்க அவள் எழில் கூடுகிறதாம்! காதலுக்கு ஏங்கி ஏங்கி உயிர் விடுகிறாள். இளைய டூமா 1848-இல் இதனைப் புதினமாகத் தீட்டினார். 1852-இல் அது நாடகமேடைக்கு வந்தது. மறு ஆண்டே வெர்டி அதனை 'லா டிராவியாட்டா' என்னும் இசைநாடகமாக்கினார். நெஞ்சு நைந்துபோன நங்கை, அரங்கின் கடைசி வரிசைக்கும் எட்டும் குரலெடுத்துப் பாடிவிட்டுச் சாகிறாள்! இளைப்பு நோயாளர் ஒருவரை அழைத்து, இடையில் நிறுத்தாமல் பத்துச் சொல் பேசச் சொல்லிக் கேட்டிருந்தால் அந்தப் பாட்டு பிறந்திராது. 1882-இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். அறிவியல் சொல்லிற்று, அரங்கம் கேட்கவில்லை. 1896-இல் புச்சினியின் 'லா போயெம்' மேடையேறிற்று. மறுபடியும் ஒரு மங்கை, மறுபடியும் இருமல், மறுபடியும் இன்னிசை!

சாகும் நோயாளியைப் பாடினார்கள். வாழும் நோயாளியை யார் பாடினார்கள்? நாட்பட்ட நுரையீரல் நோய் கொண்டவர் நாலாம் காட்சியில் மடிவதில்லை. பத்தாண்டு, இருபதாண்டு வாழ்கிறார். அந்த வாழ்வின் பெரும்பகுதியைத் தின்பது இருமலன்று, களைப்பு.

நலமுள்ளவர், தாம் மூச்சு விடுவதையே உணர்வதில்லை. உடலின் ஆற்றலில் மிகச் சிறு பங்கே அதற்குச் செலவாகிறது. நுரையீரல் கெட்டவருக்கோ, உள்ளே போன காற்று முழுதும் வெளியேறுவதில்லை. தேங்கிய காற்றின் மேல் புதுக்காற்றை ஏற்ற விலாத் தசையும் கழுத்துத் தசையும் பாடுபடுகின்றன. உட்கார்ந்திருக்கும்போதே ஓர் உழைப்பு! நடந்தால் இளைப்பு. இளைப்புக்கு அஞ்சி நடையைக் குறைத்தால் காலின் தசை மெலிகிறது. மெலிந்த தசை முன்னினும் விரைவில் சோர்கிறது. இரவெல்லாம் உறங்கி எழுந்தாலும் தீராத சோர்வு அது. குளிப்பதா, கடைக்குப் போவதா, வந்தவரோடு பேசுவதா — காலையிலேயே கணக்கிட்டு, ஒன்றைச் செய்து இரண்டைக் கைவிட வேண்டும். வெளியே கட்டு இல்லை, காயம் இல்லை. ஆகவே பார்ப்பவர் நாவில் சுலபமாக வந்து விழுகிறது ஒரு சொல்: சோம்பேறி! இன்றைய மருத்துவம் இவர்களுக்கு அளவறிந்த நடைப்பயிற்சியைத்தான் பரிந்துரைக்கிறது. அளவறியாத அதட்டலை அன்று.

இந்தக் களைப்புக்கு இலக்கியத்தில் முதல் நாற்காலி போட்டவர்களுள் ஒருவர் எமிலி ஜோலா. 'ஏழை பங்காளர்' என்று அறிஞர் அண்ணா நமக்கு அறிமுகப்படுத்திய அதே ஜோலா. 1884 பிப்ரவரியில், வடபிரான்சின் ஆன்சன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம். ஜோலா பாரிசில் அமர்ந்து கற்பனைக் குதிரையைத் தட்டிவிடவில்லை. அங்கே சென்றார், சுரங்கத்தின் அடிவரை இறங்கினார், தொழிலாளர் குடியிருப்பில் நுழைந்தார். 1885-இல் 'ஜெர்மினல்' வெளிவந்தது.

முதல் அத்தியாயத்தைப் பாருங்கள். நள்ளிரவு, எலும்பைத் துளைக்கும் காற்று. வேலை தேடி வந்த எத்தியன், தீக்கணப்பின் அருகே வண்டியோட்டும் கிழவர் ஒருவரைக் காண்கிறான். வயது 58. எட்டு வயது நிரம்புமுன்பே சுரங்கத்தில் இறக்கப்பட்டவர். மும்முறை சாவின் வாயிலிருந்து இழுத்து மீட்கப்பட்டதால் 'போன்மோர்', அதாவது 'நற்சாவு' என்று தோழர்கள் வைத்த கேலிப்பெயரே அவர் பெயராயிற்று. பேசுகிறார், இருமல் வந்து பேச்சை அறுக்கிறது. உமிழ்கிறார், தரையில் கரும்புள்ளி. இரத்தமா என்று இளைஞன் கேட்கிறான். இல்லை, கரி! சுரங்கத்தை விட்டு அவர் மேலேறி ஐந்தாண்டு ஆயிற்று. சுரங்கம் அவரை விட்டபாடில்லை.

இங்கே ஜோலாவின் திறம் உவமையில் இல்லை, இடைவெளியில் இருக்கிறது. கிழவரின் கதை ஒழுங்காக ஓடுவதில்லை. மூச்சு இருக்கும்வரை பேச்சு. மூச்சு தீர்ந்ததும் மௌனம். வெர்டியின் நாயகிக்கு வாய்க்காத உண்மை, இந்த வண்டிக்காரருக்கு வாய்த்திருக்கிறது.

அடுத்து அவர் சொல்லும் கணக்கு! ஓய்வெடுத்துக்கொள் என்கிறது கம்பெனி. அடடா, என்ன பரிவு! இன்றே ஓய்வு பெற்றால் ஆண்டுக்கு 150 பிராங்க். அறுபது வயதுவரை தாக்குப்பிடித்தால் 180. இடையே உள்ளது முப்பது பிராங்க். அதற்காக இன்னும் ஈராண்டு, இரவு தோறும் அந்தக் காற்றில் நிற்கப்போகிறார் அந்த மனிதர். இவரையா சோம்பேறி என்பது? ஓய்வு என்பதே ஒரு சொத்து. இல்லாதவருக்கு அதுவும் இல்லை.

சுரங்கம் யாருடையது என்று எத்தியன் கேட்கிறான். கிழவருக்குத் தெரியவில்லை. இருட்டை நோக்கிக் கையைக் காட்டுகிறார். கண்ணால் காணாத தெய்வத்தைப் பற்றிப் பேசுவதுபோல் குரல் மாறுகிறது. அந்தப் பக்கத்தில் இப்படியென்றால், பங்குதாரர் கிரேகுவார் வீட்டில்? முன்னோர் வாங்கிவைத்த பங்கையே குலதெய்வமாகக் கொண்டு, அசையாமல் உண்டு கொழுக்கிறார்கள். ஒரே தெய்வம்: ஒரு வீட்டில் படையல் தருகிறது, ஒரு வீட்டில் நுரையீரலைப் பலி கேட்கிறது. நம் ஏட்டின் வாசகர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா.

ஆனால் பாராட்டோடு நிறுத்திவிட முடியவில்லை. கதையின் பிற்பகுதியில் போன்மோர் நாற்காலியோடு முடங்கி, அறிவும் மங்கிப்போகிறார். காலணி முதலிய தானப் பொருள்களோடு வந்த கிரேகுவாரின் மகளைக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிடுகிறார். பழிவாங்கும் வர்க்கத்தின் சின்னம் என்று கொண்டாடுவோர் உண்டு. நான் கொண்டாடமாட்டேன். முப்பது பிராங்குக்குக் கணக்குப் போட்ட மூளையை, ஜோலா எதற்காகப் பறித்தார்? உழைப்பாளி மிருகம் என்று முதலாளி சொல்வதை, ஏழை பங்காளரே மெய்ப்பிக்கலாமா? களைத்த மனிதரைச் சின்னமாக்கியவுடன் மனிதர் மறைந்துவிடுகிறார். வெள்ளைக் கன்னத்து நாயகிகளுக்கு நேர்ந்ததும் அதுவே.

ஐம்பதாண்டு கழித்து, 1937-இல், குரோனின் 'சிட்டாடல்' எழுதினார். மருத்துவர், 1924 முதல் சுரங்க மருத்துவ ஆய்வாளராயிருந்தவர். அவருடைய கதாநாயகன் மான்சன், வேல்ஸ் நாட்டில் நிலக்கரித் தூசு நுரையீரலைக் கெடுப்பதை ஆராய்கிறான். அதன் பயனாக இலண்டனில் ஒரு வாரியத்தில் வேலை கிடைக்கிறது. வாரியத்தின் பெயர் என்ன தெரியுமா? சுரங்கக் 'களைப்பு' வாரியம்! அங்கே அவனுக்கு இட்ட பணி, முதலுதவிக் கட்டுத்துணிகளை எண்ணுவது! புதினத்தின் கூர்மையான கிண்டல் இதுதான். பிறகு கதை இலண்டன் சீமாட்டிகளின் பின்னே போய்விடுகிறது. சுரங்கத்தாரின் நெஞ்சு, மருத்துவன் ஏறிச்சென்ற ஏணியாய் நின்றுவிடுகிறது.

ஏட்டில் நின்றதை நாட்டில் நடத்தினார்கள். 1969 பிப்ரவரியில், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஏறத்தாழ 40,000 சுரங்கத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். கூலி உயர்வுக்கன்று, கருநுரையீரல் நோய்க்கு இழப்பீடு கேட்டு! சுரங்கத்தாருக்கு இது இயல்பான இளைப்பு என்று மருத்துவர் பலர் தள்ளிவிட்டிருந்த நோய் அது. இளைத்துக்கொண்டே தலைநகர் சார்ல்ஸ்டனில் அணிவகுத்தனர். மாநிலம் சட்டம் இயற்றிற்று. அவ்வாண்டு இறுதியில் நடுவண் சட்டமும் வந்தது.

நம் பக்கம் திரும்புவோம். அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு என்று கேட்ட நாடு இது. படிப்பை மறுத்த கேட்டைப் பேசினோம். ஊதிய புகை எங்கே போயிற்று என்று கேட்டோமா? விறகும் வறட்டியும் எரியும் புகையே, புகையிலை தொடாத பெண்களுக்கும் நாட்பட்ட நுரையீரல் நோயைத் தருகிறது என்று மருத்துவ உலகம் உறுதி செய்துவிட்டது. நம் கதைகளிலோ, அந்தப் புகை பிறந்தகத்து மணமாக, தாயன்பின் அடையாளமாகச் சுருண்டு சுருண்டு எழுகிறது. ஐம்பது வயதில் அவள் குடத்தைப் பாதி வழியில் இறக்கிவைத்து நிற்கிறாள். வயதாகிவிட்டது என்கிறார் கணவர். வேலைக்குக் கள்ளம் என்கிறாள் மாமி. முன்வினை என்கிறார் ஊர்ப் பெரியவர். அந்தக் குடம் மறுபடி இடுப்பேற ஆகும் நேரத்தை, அந்த நேரத்தில் அவள் மனத்தில் ஓடும் கணக்கை எழுதிய தமிழ்ப் புதினம் ஒன்று இன்னும் என் கைக்கு வந்து சேரவில்லை.