மொழியாராய்ச்சியும் அவையேற்றமும்

ஒரு கருத்து ஒருவர் உள்ளத்தில் தோன்றிய அளவானே துணிபு ஆகிவிடாது. அது கற்றோர் அவையில் வைக்கப்பட்டு, தடையுண்டு, தடைக்கு விடையும் கூறப்பட்ட பின்னரே துணிபெனப்படும். இம்முறை சைவ நன்மக்களுக்குப் புதியதன்று. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்துள் தம் பொருளை மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் உறுப்புகளான் நிறுவினார். அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாக வகுத்து, மாற்றார் கொள்கையை முன்னர் எடுத்துரைத்து அதன் பின்னரே மறுத்தார். இலக்கணத் துறையிலும் இந்நெறி வழங்கிற்று. திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர், வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தை மறுத்து 'இலக்கண விளக்கச் சூறாவளி' இயற்றியமை தமிழ் கற்றார் யாவரும் அறிந்ததே.

இக்காலத்து மொழிநூலார் தம் புத்தாராய்ச்சிகளை மாநாடுகளிற் கட்டுரையாகப் படித்தும், ஆராய்ச்சி இதழ்களில் அச்சிட்டும் பரப்புகின்றனர். இதனை மேனாட்டார் வழக்கென்று புறந்தள்ளுவாரும் உளர். மாநாட்டிற் படித்தமையே சான்றாகக் கொண்டு யாதொன்றையும் மெய்யென ஏற்பாரும் உளர். இவ்விரு திறத்தார் கொள்கையும் பொருந்தாமையைத் தமிழகத்து மலைக்குகைக் கல்வெட்டுகள் படிக்கப்பட்ட வரலாறு இனிது விளக்கும்.

மதுரையைச் சூழ்ந்த குன்றுகளிலும் பிறவிடங்களிலும் உள்ள குகைகளிற் பிராமி வடிவினவாய எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. 1919ஆம் ஆண்டில் புனாவிற் கூடிய முதலாம் அகில இந்தியக் கீழ்த்திசை மாநாட்டில் கிருஷ்ண சாஸ்திரியார் இவற்றைப் பற்றி ஒரு கட்டுரை வழங்கினார். அந்நாளில் இவற்றின் மொழி யாதென்பது துணியப்படவில்லை. 1924இற் சென்னையிற் கூடிய மூன்றாம் மாநாட்டிற் கே. வி. சுப்பிரமணிய ஐயர், இவற்றில் ழகரம், றகரம், னகரம் முதலாய தமிழ்ச் சிறப்பெழுத்துகள் உள்ளமை காட்டி, இவற்றின் மொழி தமிழே என்றார். தடை எழாதிருக்கவில்லை. 1938ஆம் ஆண்டையடுத்துச் சி. நாராயண ராவ் இவை பைசாசப் பிராகிருதம் என்று எழுதினார்.

இவ்வழக்கு நெடிது நின்றமைக்குக் காரணம் எழுத்து முறையிலேயே இருந்தது. வடநாட்டுப் பிராமியிற் குறியேதும் பெறாத எழுத்து அகரமேறிய மெய்யாம். குகைக் கல்வெட்டுகளுள் தொன்மையானவற்றிலோ குறியில்லா எழுத்துத் தனிமெய்யாகவும் நிற்கும். பக்கக்கோடு அகரத்தையும் காட்டும். இவ்வேறுபாட்டை உணராது வடநாட்டு முறையாற் படித்தார்க்குச் சொற்கள் தமிழாகத் தோன்றாமை வியப்பன்று. ஐராவதம் மகாதேவன் 1966இல் இக்கல்வெட்டுகளைத் தொகுத்துச் சென்னைக் கருத்தரங்கொன்றில் வைத்து, 1968இற் சென்னையில் நிகழ்ந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டிலும் கட்டுரை வழங்கி, இம்முறை வேறுபாடுகளை வகைப்படுத்தினார். மெய்க்குப் புள்ளி கூறும் தொல்காப்பிய விதியும் இவ்வாராய்ச்சியில் உரிய இடம் பெற்றது. மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயரும், புகழூரிற் சேரர் இரும்பொறை மரபினர் மூவர் பெயரும் தெளிவாயின. அவர்தம் ஆராய்ச்சி முழுதும் 2003இற் பெருநூலாக வெளிவந்தது. சுப்பிரமணிய ஐயர் கட்டுரைக்கும் அந்நூலுக்கும் இடையே கழிந்தன 79 ஆண்டுகள்.

அக்குகைகளிற் பெரும்பாலன சமணத் துறவியர் உறைந்தவை. ஆகலின் அவற்றாற் சைவர்க்கு ஆவதென்னை என வினவுவார் உளர். சங்கப் பாடல்கள் கூறும் வேந்தர் மரபுக்குக் கல்லிற் சான்று கிடைத்தமையும், தமிழின் எழுத்துத் தொன்மை நிறுவப்பட்டமையும் தமிழர் அனைவர்க்கும் பொதுவான பேறாம். கிடைத்த இடம் பிறர் உறையுளாயினமையான் உண்மை பிறிதாகாது.

இவ்வளவிலும் ஆராய்ச்சி முற்றுப்பெறவில்லை. கொடுமணல், பொருந்தல், கீழடி அகழாய்வுகளின் காலக்கணிப்பைக் கொண்டு இவ்வெழுத்து அசோகன் காலத்துக்கும் முற்பட்டது என்பார் ஒருசாரார். அதனை ஏலாதார் மற்றொருசாரார். இருதிறத்தார் ஏதுக்களும் அச்சில் உள்ளன. ஆதலின் வேண்டுவார் எவரும் எடுத்து ஒப்பிட்டுத் தேறலாம். இதழ்களால் விளையும் தலையாய பயன் இதுவே.

இனி இம்முறையின் குறைகளும் கூறத்தக்கன. மாநாடுகள் பலவற்றில் வரவேற்புரைக்கும் பொன்னாடைக்கும் செல்லும் பொழுது தடைவிடைக்குக் கிடைப்பதில்லை. கட்டுரையாளர் விரைந்து படித்து இறங்க, அடுத்தவர் ஏறுகின்றார். வினாவுக்கு இடமில்லா அவை அவையாகாது. பொருள் பெற்றுக்கொண்டு ஆய்ந்து பாராமலே அச்சிடும் இதழ்களும் இந்நாளிற் பெருகியுள. மற்றொன்று, தமிழைப் பற்றிய சிறந்த முடிபுகள் பல ஆங்கிலத்திலேயே வெளிவருதல். மேற்கூறிய 1924ஆம் ஆண்டுக் கட்டுரையும் 2003ஆம் ஆண்டு நூலும் ஆங்கிலத்தில் எழுந்தனவே. அதனால் தமிழே கற்ற புலவர் தம் மொழிபற்றிய வழக்கிற் கலந்து தடைகூறும் உரிமையை இழக்கின்றனர்.

சைவ மேடைகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 'சிவன்' என்னும் பெயர் செம்மைப் பொருட்டாய தமிழ்ச்சொல் என ஒரு மேடையிலும், மங்கலப் பொருட்டாய வடசொல் என மற்றொரு மேடையிலும் முடிந்த முடிபாக முழங்கப்படுகின்றது. கேட்போர் அன்பராகலின் ஏது வினவார். கூறுவார் அவ்வன்பையே உடன்பாடாகக் கொள்வர். அடியார் தம்மேல் வைத்த நம்பிக்கையைச் சான்றுக்கு ஈடாகச் செலவிடுதல் அவர்க்குச் செய்யும் நன்றியன்று. பின்னொருநாள் அம்முடிபு பிழைபடின், அதனொடு சேர்த்துச் சமயத்தையும் ஐயுறும் இளைஞர்க்கு யாவர் விடை கூறுவர்? திருவைந்தெழுத்தின் பயன் ஓதுவார் உள்ளத்தும் இறைவன் அருளிலும் உள்ளது. அது சொற்பிறப்பு ஆராய்ச்சியால் வளர்வதும் இல்லை, தேய்வதும் இல்லை. ஆகலின் அவ்வாராய்ச்சியை அச்சமின்றி அவையேற்றலாம்.

இதற்கு வேண்டுவன பெரியன அல்ல. சித்தாந்த மாநாடுகளிற் படிக்கப்படும் ஒவ்வொரு மொழியாராய்ச்சிக் கட்டுரைக்கும் தடை கூறுதற்கென ஒரு புலவரை முன்னரே நியமித்தல் வேண்டும். கட்டுரை, தடை, விடை மூன்றையும் சேர்த்தே சைவ இதழ்கள் அச்சிடல் வேண்டும். ஆங்கிலத்தில் வரும் முடிபுகளின் சாரம் தமிழில் அவ்வப்போது தரப்படல் வேண்டும். பரபக்கம் ஓதிய மரபினர்க்கு இது பழகிய நெறியே; அதனை மொழியாராய்ச்சிக்கும் உரியதாக்குதலே இனிச் செயற்பாலது.