பழைய அடைப்பை எடுத்த பிறகு

கடைவாய்ப் பல்லில் கறுத்துக் கிடக்கும் பழைய வெள்ளி ஃபில்லிங்கை எடுத்துவிட்டு, பல் நிறத்திலேயே புதிதாக அடைப்பது அருமையான கைவேலை. பழையதில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. அது பல்லோடு ஒட்டாது. குழியின் வடிவத்தில்தான் பிடித்து நிற்கும். அதற்காக நல்ல பல்லையும் கொஞ்சம் குடைய வேண்டியிருந்தது. புதியதோ பல்லோடு ஒட்டும். எனாமலில் அமிலம் தடவிச் சொரசொரப்பாக்கினால் பிசின் பிடித்துக்கொள்ளும் என்று 1955இல் மைக்கேல் புவோனோகோர் காட்டினார். எத்தனை பற்களைக் காப்பாற்றிய கண்டுபிடிப்பு அது!

பல் நிறத்தில் அடைக்கும் காம்போசிட்டை ஒரேயடியாகத் திணிப்பதில்லை. சுமார் இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொன்றுக்கும் நீல ஒளி காட்டி இறுக வைக்கிறார்கள். இறுகும்போது அது சற்றே சுருங்கும். ஓரத்தில் இடைவெளி விழக்கூடாதே என்றுதான் இவ்வளவு பொறுமை. நடுவில் எச்சில் பட்டாலும் ஒட்டு கெட்டுவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசிக் கட்டம். பற்களுக்கு நடுவே மெல்லிய நீலத் தாளை வைத்து, "கடிங்க... அப்படியே அரைச்சுக் காட்டுங்க" என்பார் டாக்டர். மேடான இடத்தில் மை அழுத்தமாகப் பதியும். அதை மட்டும் லேசாகத் தேய்த்துவிட்டு மறுபடி தாள், மறுபடி கடி. மயிரிழை உயர்ந்திருந்தாலும் தாடைக்குத் தெரிந்துவிடும். ஆனால் மரத்துப்போன வாய்க்கு அது பிடிபடாது. மறுநாள் உறுத்தினால் தயங்காமல் வரச் சொல்லித்தான் நல்ல டாக்டர் அனுப்பிவைப்பார்.